விபிஎன் போட்ட பிறகு பிரவுசர் யாரிடம் வழி கேட்கிறது?

போன மாதம் ஒரு ஞாயிறு இரவு, முன்பு என்னோடு வேலை பார்த்த தம்பி ஒருவன் போன் பண்ணினான். இப்போது வேறு கம்பெனி, வீட்டிலிருந்தே வேலை. அலுவலக நெட்வொர்க்குக்குள் போக விபிஎன் என்ற மூடிய பாதை வேண்டும்.

"அண்ணே, விபிஎன் கனெக்ட் ஆயிடுச்சு. மெயில் வருது, யூடியூப் வருது. லீவ் போடுற பக்கம் மட்டும் வரல. அப்படி ஒரு சைட்டே இல்லங்குது."

"எந்த பிரவுசர்ல பாக்குற?"

"ஃபயர்ஃபாக்ஸ்."

"எட்ஜ்ல போட்டுப் பாரு."

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அட, இதுல வருதுண்ணே!"

அதே லேப்டாப், அதே விபிஎன், அதே முகவரி. ஒரு பிரவுசருக்குத் தெரிந்த இடம் இன்னொன்றுக்குத் தெரியவில்லை. விசாரித்தால், இரண்டு வாரத்துக்கு முன் ஏதோ வீடியோவைப் பார்த்து ஃபயர்ஃபாக்ஸில் பாதுகாப்பான டிஎன்எஸ்ஸை (தளத்தின் பெயரைச் சொல்லி விலாசம் கேட்பதை ரகசியமாகச் செய்யும் வசதி) ஆன் செய்திருக்கிறான், அதுவும் உச்ச நிலையில். "விபிஎன்னும் இருக்கு, இதுவும் இருந்தா டபுள் சேஃப்டின்னு நெனச்சேண்ணே" என்றான்.

பூட்டுக்கு மேல் பூட்டு என்றுதான் நம்மில் பலர் இதை நினைக்கிறோம். ஆனால் இந்த இரண்டும் ஒன்றின் மேல் ஒன்றாகப் பொருந்தி உட்காருவதில்லை. ஒன்று பார்க்க வேண்டிய வேலையை இன்னொன்று பிடுங்கிக்கொள்கிறது. பிடுங்குவதால் சில இடங்களில் நட்டம், சில இடங்களில் எதிர்பாராத லாபம்கூட.

பிரவுசரில் ஒரு தளத்தின் பெயரை அடித்ததும் முதலில் நடப்பது விலாசம் விசாரிப்பதுதான். பெயர் நமக்கு, கம்ப்யூட்டருக்கு எண் வேண்டும். இணையம் சின்னதாக இருந்த நாளில் எல்லாக் கணினிகளின் பெயரும் எண்ணும் ஒரே கோப்பில் இருந்தன. கலிஃபோர்னியாவின் மென்லோ பார்க்கில் இருந்த ஸ்டான்ஃபோர்டு ஆராய்ச்சி நிறுவனம் அதைப் பராமரித்தது, மற்றவர்கள் அவ்வப்போது நகல் எடுத்துக்கொண்டார்கள். கணினிகள் பெருகவும் அந்த ஏற்பாடு மூச்சு வாங்கியது. 1983-இல் பால் மோக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார். அன்றிலிருந்து பெயரைச் சொன்னால் எண்ணைத் தேடிக்கொண்டு வந்து கொடுக்க ரிசால்வர் என்ற இடைத்தரகர் ஒருவர் இருக்கிறார். நாம் ஒன்றும் செய்யாமல் விட்டால், அந்த ரிசால்வர் நமக்கு இணைப்பு தரும் நிறுவனத்துடையதாகத்தான் இருக்கும்.

அந்த வடிவமைப்பில் ரகசியத்தைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. கேள்வியும் பதிலும் 53-ஆம் போர்ட் (ஒவ்வொரு சேவைக்கும் எண் போட்டு வைத்த வாசல்) வழியாக எந்த மறைப்பும் இல்லாமல் போய்வந்தன. டீக்கடை வாசலில் நின்று சத்தமாக வழி கேட்பது மாதிரி. கடைக்காரரோடு சேர்ந்து பெஞ்சில் பேப்பர் படிப்பவர்களும் நீங்கள் யார் வீட்டுக்குப் போகிறீர்கள் என்று தெரிந்துகொள்வார்கள். அதைவிட மோசம், அவர்களில் ஒருவர் எழுந்து கடைக்காரர் குரலிலேயே தப்பு வழி சொல்லலாம்.

இப்படி நிஜமாகவே நடந்தது, 2014 மார்ச்சில், துருக்கியில். உள்ளாட்சித் தேர்தலுக்குச் சில நாட்களே இருந்தபோது அரசு ட்விட்டரைத் தடுத்தது. முதல் தடுப்பு டிஎன்எஸ்ஸில்தான். உள்ளூர் ரிசால்வர்களிடம் ட்விட்டரின் விலாசத்தைக் கேட்டால் அரசின் அறிவிப்புப் பக்கத்துக்கு வழி காட்டின. ஆட்கள் உடனே கூகுளின் பொது ரிசால்வருக்கு மாறினார்கள். இஸ்தான்புல் சுவர்களில் அதன் எண்ணான 8.8.8.8 என்று பெயிண்டில் எழுதிப் போட்ட படங்கள் உலகம் முழுக்கச் சுற்றின. ஒரு டிஎன்எஸ் எண் சுவரெழுத்தானது அநேகமாக அப்போதுதான். ஆனால் கதை அங்கே முடியவில்லை. மார்ச் கடைசியில் துருக்கி இணைப்பு நிறுவனங்கள் தாங்களே 8.8.8.8 என்று வேடம் போட்டுப் பதில் சொல்ல ஆரம்பித்தன. தங்கள் சேவையை இடைமறிக்கிறார்கள் என்று கூகுளே அறிவித்தது. கேட்டவருக்கு வித்தியாசம் தெரிய வழியில்லை. பதில் சொல்வது உண்மையான ஆள்தானா என்று சரிபார்க்கும் ஏற்பாடு பழைய டிஎன்எஸ் உரையாடலில் கிடையாது.

பாதுகாப்பான டிஎன்எஸ் என்று பிரவுசர்கள் சொல்வது இந்த ஓட்டையை அடைக்க வந்தது. முதலில் 2016-இல், கேள்வியைப் பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கம் செய்து அனுப்பும் டிஎன்எஸ் ஓவர் டிஎல்எஸ் வந்தது. அது 853 என்ற தனி போர்ட்டில் போகும், அதனால் அடையாளம் கண்டு அடைப்பது சுலபம். 2018 அக்டோபரில் தரநிலையான டிஎன்எஸ் ஓவர் எச்டிடிபிஎஸ், சுருக்கமாக டிஓஎச், இன்னும் சாமர்த்தியமானது. கேள்வியைச் சாதாரண இணையப் பக்கங்கள் போய்வரும் அதே 443-ஆம் போர்ட்டில் அனுப்பும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு யாரோ ஏதோ ஒரு தளத்தைப் படிப்பதாகத்தான் தெரியும். எதிர்முனையில் இருப்பவர் தன் சான்றிதழைக் காட்டியாக வேண்டும். துருக்கியில் போட்ட வேடம் இங்கே பலிக்காது.

இணைப்பு நிறுவனங்களுக்கு இது பிடிக்கவில்லை. பிரிட்டனில் அவர்களுடைய சங்கம் 2019 ஜூலையில் ஃபயர்ஃபாக்ஸைத் தயாரிக்கும் மொசில்லாவை 'இணைய வில்லன்' விருதுக்குப் பரிந்துரைத்தது. ஊரே சிரிப்பாய்ச் சிரித்த பிறகு சில நாளில் வாபஸ் வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் கவலையில் நியாயமே இல்லை என்றும் சொல்ல முடியாது. பிள்ளைகளுக்கான தடுப்பு, அலுவலகத்தின் உள் பெயர்கள், மால்வேர் (தீங்கு செய்யும் மென்பொருள்) தளங்களை மறிக்கும் வேலை எல்லாமே ரிசால்வரை நம்பித்தான் நடக்கின்றன. பிரவுசர் ரிசால்வரைத் தாண்டிப் போனால் அவையும் தாண்டிப் போய்விடும். தம்பியின் லீவ் பக்கம் காணாமல் போனதும் இதனால்தான்.

விபிஎன்னும் டிஎன்எஸ்ஸும்

விபிஎன் கனெக்ட் ஆனதும் லேப்டாப்பில் இரண்டு விஷயங்கள் மாறுகின்றன. ஒன்று, போக்குவரத்தின் பாதை: பொதுவாக இனி எல்லாம் மறையாக்கம் செய்யப்பட்டு விபிஎன் சர்வர் வழியாகத்தான் வெளியே போகும். இரண்டாவது பலருக்குத் தெரியாதது: விபிஎன் தன் சொந்த ரிசால்வரின் எண்ணைக் கொடுத்து, இனிமேல் வழி கேட்பதானால் இவரிடம் கேள் என்று விண்டோஸிடமோ மேக்கிடமோ சொல்லிவிடுகிறது. பெரும்பாலும் 10-இல் தொடங்கும் உள் எண் அது. வயர்கார்டு என்ற விபிஎன் வகையின் அமைப்புக் கோப்பைத் திறந்து பார்த்திருந்தால், டிஎன்எஸ் என்று தொடங்கும் ஒற்றை வரியாக அதைக் கண்டிருப்பீர்கள்.

டிஎன்எஸ் கேள்வி அப்போதும் பழைய மாதிரி திறந்த எழுத்தில்தான் இருக்கும். ஆனால் அது பயணிக்கும் வண்டியே மூடிய வண்டி. உங்கள் வீட்டு இணைப்பு நிறுவனத்துக்கும் ரயில் நிலைய வைஃபை நடத்துபவருக்கும் ஒன்றும் தெரியாது. கேள்வியைத் திறந்து பார்க்கக்கூடியவர் விபிஎன் நடத்துபவர் மட்டும். உங்கள் மொத்தப் போக்குவரத்தும் அவர் கை வழியாகத்தான் போகிறது என்பதால், டிஎன்எஸ் தெரிவதால் அவருக்குப் புதிதாகத் தெரியப்போவது பெரிதாக ஒன்றுமில்லை.

இப்போது பிரவுசரில் டிஓஎச்-ஐப் போடுங்கள். பிரவுசர் விண்டோஸிடம் கேட்பதையே நிறுத்திவிடும். விபிஎன் கொடுத்த ரிசால்வர் சும்மா உட்கார்ந்திருக்க, நேராக, பொது ரிசால்வர் நடத்தும் கிளவுட்ஃப்ளேர் மாதிரி ஒருவரிடம் கேட்கும். இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். இது விபிஎன்னுக்கு வெளியே கசிவது என்று பல பக்கங்களில் எழுதியிருக்கிறார்கள். அப்படி இல்லை. எல்லாப் போக்குவரத்தையும் விபிஎன் எடுத்துக்கொண்டிருந்தால், டிஓஎச் கேள்வியும் அதே மூடிய வண்டியில்தான் போகும். கிளவுட்ஃப்ளேருக்குத் தெரிவது விபிஎன் சர்வரின் முகவரி. உங்கள் வீட்டு முகவரி தெரியாது.

அப்படியானால் நட்டம் எங்கே? முதல் நட்டம், உங்களைப் பற்றித் தெரிந்தவர்கள் எண்ணிக்கை ஒன்று கூடுகிறது. விபிஎன்காரருக்குத் தெரிவது குறையவில்லை. நீங்கள் எந்தெந்த முகவரிக்குப் போகிறீர்கள் என்பதை அவர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார், பல தளங்களின் பெயரும் தெரிகிறது. அதோடு, பெயர்ப் பட்டியல் முழுவதும் இன்னொரு கம்பெனிக்கும் போகிறது. அவர்களிடம் உங்கள் ஊர் முகவரி இல்லைதான். ஆனால் ஒரு பிரவுசர் கேட்கும் கேள்விகள் ஒரே இணைப்பில் அடுத்தடுத்துப் போவதால், இவை எல்லாம் ஒரே ஆள் கேட்டவை என்று கோத்துப் பார்க்க முடியும். விபிஎன்னின் ரிசால்வரில் ஆயிரம் பேர் கேள்வி கலந்து கிடக்கும். வெளியே போய்த் தேடும்போது எல்லாமே ரிசால்வரின் பெயரில்தான் போகும்.

இரண்டாவது, விபிஎன் தரும் விளம்பரத் தடுப்பும் மால்வேர் தடுப்பும் பெரும்பாலும் அதன் ரிசால்வரில் இருக்கின்றன. பிரவுசர் அவரைத் தாண்டிப் போனால் காசு கொடுத்து வாங்கிய அந்த வசதி பிரவுசரில் வேலை செய்யாது. 'போன வாரம் வரை விளம்பரம் வரவில்லையே' என்று தலையைச் சொறிபவர்கள் முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

மூன்றாவது, அலுவலக விபிஎன். லீவ் பக்கத்தின் பெயர் அந்த அலுவலகத்தின் உள் ரிசால்வருக்கு மட்டும் தெரிந்த பெயர். ஊர் உலகத்தில் யாரிடம் கேட்டாலும் இல்லை என்றுதான் பதில் வரும். ஃபயர்ஃபாக்ஸின் உச்ச நிலை அந்தப் பதிலோடு நின்றுவிடும். அதற்கு ஒரு படி கீழே வைத்தால், டிஓஎச்-இல் கிடைக்காதபோது விண்டோஸிடம் திரும்பிக் கேட்கும், பக்கமும் திறந்துவிடும். ஆனால் திறப்பதற்கு முன்னாலேயே உங்கள் கம்பெனியின் உள் சர்வர் பெயர் வெளியாள் ஒருவரின் காதுக்குப் போய்விட்டது. நிர்வாகிகள் இதைக் கேட்டால் முகம் சுளிப்பார்கள், அதில் தப்பும் இல்லை.

சோதனைப் பக்கம் காட்டும் வரிகள்

டிஎன்எஸ் கசிகிறதா என்று பார்க்கும் சோதனைப் பக்கங்கள் நிறைய உண்டு. அவற்றின் சூட்சுமம் எளிமையானது, அழகானதும்கூட. பக்கத்தைத் திறந்ததும் அது உங்கள் பிரவுசரிடம், எழுத்தும் எண்ணும் தாறுமாறாகக் கலந்த சில துணைப் பெயர்களைக் கொடுத்துத் திறக்கச் சொல்கிறது. உலகில் யாரும் அதுவரை கேட்டிராத பெயர்கள். அதனால் எந்த ரிசால்வரின் ஞாபகத்திலும் பதில் இருக்காது. யாராக இருந்தாலும் கடைசியில் அந்தச் சோதனைத் தளத்தின் சொந்த டிஎன்எஸ் சர்வரிடம் வந்துதான் கேட்டாக வேண்டும். வந்து கதவைத் தட்டியது யார் என்று அது குறித்துக்கொண்டு உங்களுக்குக் காட்டுகிறது.

நீங்கள் மதுரையில் உட்கார்ந்து சிங்கப்பூர் விபிஎன் போட்டிருக்கிறீர்கள் என்று வையுங்கள். பட்டியலில் சிங்கப்பூரில் விபிஎன் கம்பெனி அல்லது அதற்கு இடம் கொடுத்த டேட்டா சென்டரின் பெயர் வந்தால் எல்லாம் ஒழுங்கு. கிளவுட்ஃப்ளேர், சிங்கப்பூர் என்று வந்தால் பெரும்பாலும் உங்கள் பிரவுசரின் டிஓஎச் பேசுகிறது. சில பக்கங்கள் இதைச் சிவப்பில் காட்டி மிரட்டும். பயப்பட வேண்டாம், மேலே சொன்ன நட்டங்கள்தான், அதற்கு மேல் இல்லை. சில விபிஎன்கள் தாங்களே கூகுளிடமோ கிளவுட்ஃப்ளேரிடமோ கேட்டுச் சொல்பவை என்பதால், டிஓஎச் அணைத்த பிறகும் அந்தப் பெயர் வரலாம். ஆனால் உங்கள் வீட்டு பிராட்பேண்ட் கம்பெனியின் பெயர் இந்தியா என்ற வரியில் வந்தால், அது கசிவு. விபிஎன் போட்ட நோக்கமே அங்கே கெட்டுவிட்டது.

அந்தக் கடைசி வகைக் கசிவு பிரவுசரால் வருவது குறைவு. விண்டோஸ் 8 முதல் ஒரு பழக்கம் உண்டு: லேப்டாப்பில் இரண்டு இணைப்புகள் இருந்தால், வேகத்துக்காக இரண்டிலும் டிஎன்எஸ் கேள்வியை அனுப்பி, முதலில் வந்த பதிலை எடுத்துக்கொள்ளும். விபிஎன் என்பது ஒரு இணைப்பு, வீட்டு வைஃபை இன்னொன்று. பக்கத்தில் இருக்கும் வீட்டு ரவுட்டர்தான் பெரும்பாலும் முந்தும். இதைத் தடுக்கவென்றே ஓபன்விபிஎன் என்ற மென்பொருளில், வெளி டிஎன்எஸ்ஸை அடைத்துவிடு என்று ஒரு தனிக் கட்டளையைச் சேர்த்தார்கள். நல்ல விபிஎன் செயலிகள் இதைத் தாங்களே செய்துவிடும். இன்னொரு ஓட்டை ஐபிவி6, இணைய முகவரி எண்களின் புதிய வகை. விபிஎன் பழைய ஐபிவி4-ஐ மட்டும் எடுத்துக்கொண்டு ஐபிவி6-ஐக் கண்டுகொள்ளாமல் விட்டால், இணைப்பு நிறுவனம் கொடுத்த ஐபிவி6 ரிசால்வரிடம் கேள்வி நேராகப் போய்விடும். இந்தியாவில் ஐபிவி6 பயன்பாடு உலகிலேயே முன்வரிசையில் இருப்பதால், இந்த ஓட்டை நமக்கு ஏட்டில் மட்டும் இருப்பதல்ல.

முன்னால் சொன்ன லாபம் இங்கேதான் வருகிறது. விண்டோஸ் இரண்டு பக்கமும் கேட்டு உளறும் லேப்டாப்பில், பிரவுசர் டிஓஎச் வழியே கேட்டால் அந்த உளறல் பிரவுசருக்குத் தொற்றாது. டிஓஎச் கேள்வி ஒரு சாதாரண இணைய இணைப்பு. பாதை அட்டவணை காட்டும் வழியில், விபிஎன்னுக்குள்தான் போகும். ஓட்டை விபிஎன்னுக்கு ஒட்டுப் போட்ட மாதிரி. பிரவுசர் தவிர்த்த மற்றச் செயலிகள் கசிந்துகொண்டேதான் இருக்கும் என்பதால், ஒட்டுப் போட்ட தெம்பில் விட்டுவிடாமல் விபிஎன்னைச் சரி செய்வதே முறை.

பிரவுசரில் எக்ஸ்டென்ஷனாகச் சேர்க்கும் 'விபிஎன்' தனி ரகம். பெயர்தான் விபிஎன், பெரும்பாலும் அவை ப்ராக்ஸிகள். லேப்டாப் முழுவதையும் மூடாது, அந்த பிரவுசரின் பக்கங்களை மட்டும் வேறு வழியில் திருப்பிவிடும். எச்டிடிபிஎஸ் ப்ராக்ஸி என்றால் தளத்தின் பெயரை அப்படியே அதனிடம் கொடுத்துவிடலாம், அங்கே அது விசாரித்துக்கொள்ளும். சாக்ஸ் என்ற வேறு வகை ப்ராக்ஸி என்றால் அமைப்பைப் பொறுத்து பெயரை உங்கள் லேப்டாப்பே விசாரிக்கலாம். பக்கம் வெளிநாட்டிலிருந்து வருகிறது, வழி மட்டும் உள்ளூரில் கேட்டது என்ற கூத்து அப்படித்தான் நடக்கிறது.

டிஓஎச் மட்டும் போதுமே, விபிஎன் எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. வழி கேட்டதைத்தான் அது மறைக்கும். போய்ச் சேர்ந்ததை மறைக்காது. எச்டிடிபிஎஸ் தளத்தோடு பேச்சைத் தொடங்கும்போது, எந்தத் தளம் வேண்டும் என்று பிரவுசர் வெளிப்படையாகச் சொல்லும் ஒரு வரி இருக்கிறது, எஸ்என்ஐ என்று பெயர். இந்தியாவில் ஒரு பெரிய மொபைல் நிறுவனம் இந்த வரியைப் பார்த்தே தளங்களை மறிக்கிறது என்பதை பெங்களூரின் சென்டர் ஃபார் இன்டர்நெட் அண்ட் சொசைட்டி ஆய்வாளர்கள் 2019-இல் சோதித்துக் காட்டினார்கள். டிஎன்எஸ்ஸை எவ்வளவு மறைத்தாலும் அந்த வகை மறிப்பு அசையாது. அந்த வரியையும் மூடும் ஈசிஎச் என்ற ஏற்பாட்டை பிரவுசர்கள் 2023-இல் கொண்டுவந்தன. ஃபயர்ஃபாக்ஸில் அது வந்தபோது டிஓஎச் இருந்தால்தான் வேலை செய்தது. எதிர்முனைத் தளமும் ஈசிஎச்-க்குத் தயாராக இருக்க வேண்டும். இலங்கையில் 2018 மார்ச்சிலும், 2019 ஏப்ரலிலும், 2022 ஏப்ரலிலும் சமூக ஊடகங்களை முடக்கியபோது ஆட்கள் விபிஎன்னைத் தேடி ஓடியதைப் பார்த்தவர்களுக்கு இந்த வித்தியாசத்தை விளக்கத் தேவையில்லை.

யாரை நம்புவது என்ற கேள்வி இனி தப்ப முடியாதது. விபிஎன் இருந்தால் விபிஎன்காரரை, டிஓஎச் இருந்தால் அந்த ரிசால்வரை, இரண்டும் இல்லாவிட்டால் வீட்டு இணைப்பு நிறுவனத்தை. யாரையும் நம்பாமல் இணையத்தில் நடமாடும் வழி இதில் இல்லை. மொசில்லா தன் பட்டியலில் சேர்க்கும் ரிசால்வர்களிடம், கேள்விப் பதிவுகளை 24 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, விற்கக் கூடாது என்று நிபந்தனை போடுகிறது. விபிஎன்களுக்கு அப்படிப் பொதுவான கட்டுப்பாடு எதுவும் இல்லை. இந்தியாவில் தலைகீழாக ஒரு கட்டுப்பாடு வந்தது. 2022 ஏப்ரல் 28-ஆம் தேதி இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் போட்ட உத்தரவு, விபிஎன் நடத்துபவர்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொடர்பு எண், ஒதுக்கிய ஐபி எண்கள் முதலியவற்றை 5 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்றது. கம்பெனிகள் தங்கள் ஊழியர்களுக்கு வைத்திருக்கும் விபிஎன்னுக்கு விலக்கு. எக்ஸ்பிரஸ்விபிஎன் முதலில், பிறகு சர்ஃப்ஷார்க், நார்ட்விபிஎன், புரோட்டான் என்று வரிசையாக இந்தியாவிலிருந்த சர்வர்களை எடுத்துக்கொண்டு போனார்கள்.

இலவச விபிஎன் என்றால் எனக்கு ஒனாவோதான் ஞாபகத்துக்கு வரும். ஃபேஸ்புக் 2013-இல் வாங்கிய கம்பெனி. உங்கள் தகவலைப் பாதுகாக்கிறோம் என்று சொல்லிக் கொடுத்த விபிஎன் செயலியை வைத்து, ஆட்கள் எந்தெந்தச் செயலிகளை எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்று ஃபேஸ்புக் கணக்கெடுத்துக்கொண்டது. 2018-இல் ஆப்பிள் எதிர்க்க, செயலி அதன் கடையிலிருந்து போனது. 2019-இல் மொத்தமாக மூடினார்கள். 2023-இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2 கோடி ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. இந்த மாதிரி விபிஎன்னுக்குள் டிஓஎச் போட்டு என்ன பிரயோஜனம்? திருடன் ஓட்டும் வண்டியில் ஏறிக்கொண்டு சன்னல் திரையை இழுத்துவிடுவதுதான்.

எதை எங்கே மாற்றுவது

குரோமில் அமைப்புகளுக்குள் தனியுரிமை, அதற்குள் பாதுகாப்பு என்ற பகுதியில் 'பாதுகாப்பான டிஎன்எஸ்' என்ற சுவிட்ச் இருக்கும். 2020 மே மாதம் 83-ஆம் பதிப்பில் வந்தது. குரோமின் போக்கு மிகவும் அடக்கமானது. தானியங்கி நிலையில் அது உங்கள் ரிசால்வரை மாற்றாது. இப்போது கேட்டுக்கொண்டிருக்கும் ரிசால்வரின் எண், டிஓஎச் தெரிந்தவர்கள் பட்டியலில் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். இருந்தால் அதே ஆளிடம் ரகசியமாகக் கேட்கும், இல்லாவிட்டால் பழையபடி கேட்கும். விபிஎன் கொடுக்கும் உள் எண் அந்தப் பட்டியலில் இருக்காது என்பதால், குரோம் தானாக ஒதுங்கி விபிஎன்னின் ரிசால்வரிடமே கேட்கிறது. நமக்கு வேண்டியதும் அதுதான். நீங்களாக ஒரு நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டால் இந்த அடக்கம் போய்விடும். அவரை விட்டால் வேறு யாரிடமும் கேட்காது. அலுவலகம் நிர்வகிக்கும் லேப்டாப்பில் அந்த சுவிட்சை நீங்கள் தொடவே முடியாமல் இருக்கலாம்.

ஃபயர்ஃபாக்ஸ் துணிச்சல்காரன். 2020 பிப்ரவரியில் அமெரிக்காவில் எல்லோருக்கும் தானாக டிஓஎச்-ஐப் போட்டது, 2021-இல் கனடாவுக்கு. தனியுரிமை, பாதுகாப்புப் பக்கத்தின் அடிப்பகுதியில் நான்கு நிலைகள் இருக்கும். இயல்பு நிலையில், வசதி உள்ள நாடுகளில் மட்டும் டிஓஎச் ஓடும், விபிஎன்னோ பெற்றோர் கட்டுப்பாடோ அலுவலகக் கொள்கையோ இருப்பது தெரிந்தால் தானே விலகிக்கொள்ளும். மேலேயே நிலவர வரி ஒன்று இருக்கிறது. இப்போது ஓடுகிறதா இல்லையா என்று அதைப் பார்த்தால் தெரிந்துவிடும். கூடுதல் நிலை, டிஓஎச்-ஐ முதலில் கேட்டு, கிடைக்காவிட்டால் விண்டோஸிடம் திரும்பும். உச்ச நிலை திரும்பவே திரும்பாது. எச்சரிக்கைப் பக்கத்தைக் காட்டி உங்களிடம்தான் கேட்கும். நான்காவது, அணைப்பது.

எப்போதும் விபிஎன்னில் இருப்பவர், அந்த விபிஎன்னைக் காசு கொடுத்து யோசித்துத் தேர்ந்தெடுத்தவர் என்றால், பிரவுசரில் டிஓஎச்-ஐ அணைத்துவிடுவதுதான் என் கட்சி. வழி கேட்பது ஓரிடத்தில் இருக்கட்டும். அந்த விபிஎன்காரரே டிஓஎச் முகவரி கொடுக்கிறார் என்றால் அதையே பிரவுசரில் போட்டுக்கொள்ளலாம். ஆளும் கூடவில்லை, விண்டோஸின் உளறலும் இல்லை. விபிஎன்னை எப்போதாவது போடுபவர் குரோமைத் தானியங்கியில் விடலாம், ஃபயர்ஃபாக்ஸ் என்றால் கூடுதல் நிலை. உச்ச நிலையை விபிஎன் இல்லாமல் ஓரிடத்திலேயே இருப்பவருக்குத்தான் சொல்வேன். ஊர் சுற்றுபவருக்குத் தொல்லை: ரயில் நிலையம், லாட்ஜ் வைஃபைகளில் முதலில் வரும் ஓடிபி கேட்கும் பக்கமே பல இடங்களில் அங்கிருக்கும் ரிசால்வர் பொய் சொல்லி வரவழைப்பதுதான். பொய்யைக் கேட்காத பிரவுசரில் அந்தப் பக்கம் எட்டிப்பார்க்காமலே போய்விடலாம்.

போனில் கணக்கு வேறு. ஆண்ட்ராய்டு 9 முதல் நெட்வொர்க் அமைப்புகளில் பிரைவேட் டிஎன்எஸ் இருக்கிறது. அடிப்படையில் அது டிஎன்எஸ் ஓவர் டிஎல்எஸ். தானியங்கியில் விட்டால் விபிஎன்னோடு சண்டை போடாது. ஒரு ரிசால்வரின் பெயரைக் கொடுத்துவிட்டால் விபிஎன் சொல்வதையும் மீறி அவரிடம்தான் கேட்கும். சில விபிஎன்காரர்கள் அதை அணைக்கச் சொல்வது இதனால்தான். ஐபோனில் நேர்மாறு: விபிஎன் ஓடும்போது அதன் டிஎன்எஸ்ஸுக்குத்தான் முன்னுரிமை.

தம்பிக்கு வருவோம். அவனுடைய அலுவலக விபிஎன் உள் சர்வர்களுக்கான போக்குவரத்தை மட்டும் எடுத்துக்கொள்வது. யூடியூப் எல்லாம் வீட்டு இணைப்பில் நேராகப் போகிறது. அதனால் டிஓஎச்-ஐ அடியோடு அணைக்கச் சொல்ல எனக்கு மனசில்லை. உச்ச நிலையிலிருந்து கூடுதல் நிலைக்கு இறக்கச் சொன்னேன். அதே பகுதியில் விதிவிலக்குகள் என்று ஒரு பட்டன் இருக்கிறது. அதில் கம்பெனியின் டொமைன் பெயரைச் சேர்க்கச் சொன்னேன். அந்தப் பெயரில் முடியும் எதையும் ஃபயர்ஃபாக்ஸ் இனி வெளியே கேட்காது, விண்டோஸ் வழியாக அலுவலக ரிசால்வரிடமே கேட்கும். உள் பெயரும் வெளியே போகாது.

"இப்ப வேலை செய்யுதான்னு எப்படிண்ணே தெரியும்?"

முகவரிப் பட்டியில் அபவுட்:நெட்வொர்க்கிங் என்று ஆங்கிலத்தில் அடித்து, இடதுபக்கம் டிஎன்எஸ்ஸைத் தொடச் சொன்னேன். பிரவுசர் சமீபத்தில் விசாரித்த பெயர்களெல்லாம் அட்டவணையாக வரும். டிஆர்ஆர் என்ற பத்தியில் ட்ரூ என்றிருந்தால் டிஓஎச் வழியாகக் கேட்டது, ஃபால்ஸ் என்றிருந்தால் விண்டோஸ் வழியாக. அவன் ஒவ்வொரு வரியாக வாசித்துக்கொண்டே போனான். கிரிக்கெட் ஸ்கோர் தளம் ட்ரூ, பேங்க் ட்ரூ, ஏதோ பிரியாணி ஆர்டர் பண்ணிய பக்கம் ட்ரூ. லீவ் பக்கம் மட்டும் ஃபால்ஸ்.